சிற்றலை கேட்க வருகிறீர்களா? முதல் மூன்று மாதத்துக்கு ஒரு வழிகாட்டி

சிற்றலை வானொலி கேட்கப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த ரேடியோ வாங்கலாம்?" என்றுதான். அதற்கான பதில் கீழே வருகிறது. ஆனால் ரேடியோவுக்கும் முன்னால் தேட வேண்டியது, உங்களோடு சேர்ந்து கேட்கக்கூடிய நாலு பேரை. பல ஆண்டுகளாக இதில் ஈடுபட்டிருக்கும் நான் புதியவர்கள் எல்லோரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்.

காரணம் சொல்கிறேன். நான் ஆரம்பித்த புதிதில் இரவு நேரத்தில் 8,790 கிலோஹெர்ட்ஸில் ஒரு நிலையம் கணீரென்று கேட்டது. எந்தப் பட்டியலிலும் அப்படி ஒரு நிலையம் இல்லை. மூன்று வாரம் விடாமல் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். பிறகு ஒரு நேயர் குழுவில் அதைச் சொன்னபோது, திருகோணமலையில் இருந்த மூத்த நேயர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, 9,700இலயும் ஒருக்கா தேடிப் பாத்தீங்களோ?" தேடினேன். அதே குரல், அதே பாட்டு, அங்கே இன்னும் பலமாக வந்தது.

பழைய ரேடியோக்களும் விலை குறைந்த ரேடியோக்களும் பெரும்பாலும் உள்ளுக்குள்ளே 455 கிலோஹெர்ட்ஸ் என்ற இடைநிலை அலைவரிசையில் வேலை செய்பவை. பலமான நிலையம் எதுவும் அதன் இரு மடங்கு, அதாவது 910 கிலோஹெர்ட்ஸ், கீழே தள்ளி இன்னொரு முறை தலைகாட்டும். இதை இமேஜ் என்பார்கள். மின்னணுவியல் படித்தவருக்கு இது பாலபாடம். எனக்குத் தெரியாது, என் தெருவில் யாருக்கும் தெரியாது. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவருக்குத் தெரிந்திருந்தது, கேட்டவுடன் சொன்னார். இந்தப் பொழுதுபோக்கில் முக்கால்வாசி விஷயங்கள் இப்படித்தான் கைமாறுகின்றன.

ஏன் ஆட்கள் வேண்டும்

ஒரு காலத்தில் இதற்கு ஆட்களைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைகளுக்காக இலங்கையில் நிறுவிய சக்திவாய்ந்த ஒலிபரப்பிகள், போருக்குப் பிறகு இலங்கை வானொலியின் கைக்கு வந்தன. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. அதன் தமிழ் ஒலிபரப்பைக் கேட்கத் தமிழ்நாட்டு வீடுகளில் ரேடியோ முள் தானாகவே அந்த இடத்துக்குப் போகும். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்களை டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கூட அடையாளம் சொல்வார். 1963இல் பீக்கிங்கில் இருந்து சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு தொடங்கிய பிறகு ஊர் ஊராக நேயர் மன்றங்கள் முளைத்தன. எந்த நிலையம் எப்போது எங்கே வரும் என்பதைப் பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இன்று பக்கத்து வீட்டில் யாரும் இல்லை. நிலையங்களும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. 2012இல் நெதர்லாந்து வானொலியும் கனடா வானொலியும் சிற்றலையை விட்டு விலகின. 2017 ஜனவரியில் ஆஸ்திரேலிய வானொலி நிறுத்தியது. அதே ஆண்டில் பிபிசி தமிழின் சிற்றலை ஒலிபரப்பும் நின்றது. மிச்சமிருக்கும் நேயர்கள் ஒரு மாவட்டத்துக்கு ஓரிருவர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். கோயம்புத்தூரில் ஒருவர், காரைக்காலில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர், துபாயில் வேலைக்குப் போன ஒருவர். இவர்கள் ஒருவரையொருவர் இணையத்தின் வழியாகக் கண்டுகொள்ளாமல் இருந்திருந்தால் தமிழில் இந்தப் பழக்கம் எப்போதோ நின்றிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆட்கள் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணம் சிற்றலையின் இயல்பிலேயே இருக்கிறது. இந்த அலைகள் வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தரைக்கு இறங்குகின்றன. நடுவில் இருக்கும் ஊர்களைத் தாண்டிக் குதித்துவிடும். அதனால் உங்களுக்குக் கேட்காதது இன்னொருவருக்குக் கேட்கும். "எனக்கு மட்டும்தானா, எல்லோருக்குமா?" என்ற கேள்விக்கு ஒரே காதை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது.

எனவே முதல் படி: நேயர் குழு ஒன்றில் சேருங்கள். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று இரண்டு போதும். ஒரு வாரம் எதுவும் எழுதாமல் மற்றவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று படியுங்கள். பழைய உரையாடல்களைத் தேடிப் படிக்க வசதி இருக்கும் குழுவாக இருந்தால் அதை விடாதீர்கள். உங்களுக்கு வரப்போகும் சந்தேகங்களில் பாதிக்கு யாராவது ஏற்கெனவே பதில் எழுதி வைத்திருப்பார்கள். கைப்பேசிக் குழுக்களில் பேச்சு வேகமாக நடக்கும், ஆனால் ஆறு மாதம் கழித்துத் தேடினால் எதுவும் அகப்படாது. அங்கே நல்ல பதில் ஒன்று வந்தால் அன்றைக்கே உங்கள் நோட்டில் எழுதிவிடுங்கள்.

ரேடியோ

சரி, ரேடியோ. வீட்டுப் பரணில் பழைய மர்ஃபியோ பிலிப்ஸோ இருந்தால் முதலில் அதைத் தூசி தட்டுங்கள். இயங்கினால் ஒரு மாதம் அதிலேயே கேளுங்கள். இயங்காவிட்டால் பெரும்பாலும் மின்தேக்கிகளும் பேண்ட் மாற்றும் சுவிட்சும்தான் பிரச்சினையாக இருக்கும். பழைய ஆள் யாராவது சரிசெய்து தருவார். ஒன்று மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: முள் நகரும் ரேடியோவில் சரியான அலைவரிசை எண் தெரியாது. அந்த எண் தெரியாமல் மற்றவர்களோடு பேசுவது சிரமம்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் எண்ணில் அலைவரிசை காட்டும் டிஜிட்டல் ரேடியோவாக வாங்குங்கள். எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) வசதியும் இருந்தால், உரிமம் பெற்றுத் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலிக்காரர்களையும் கேட்கலாம். டெக்சன் பி.எல்.330, எக்ஸ்.எச். டேட்டா டி‑808 இரண்டிலும் இது உண்டு. இரண்டும் கைக்கு அடக்கமானவை. விலையை விசாரிக்கும்போது குழுவிலும் கேளுங்கள். பழசை விற்றுவிட்டுப் புதியது வாங்க நினைக்கும் மூத்த நேயர் எப்போதும் யாராவது இருப்பார். என் இரண்டாவது ரேடியோ அப்படித்தான் கிடைத்தது. அதோடு அவர் தன் கையால் எழுதிய ஒரு பக்கக் குறிப்பும் வந்தது. அந்த ரேடியோவில் எந்தப் பொத்தான் தகராறு செய்யும் என்பதுகூட அதில் இருந்தது.

மத்திய அலை கேட்கும்போது ரேடியோவின் அமைப்பில் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். 10 என்று இருந்தால் அமெரிக்கக் கண்டத்துக்கானது. சென்னை 720, தூத்துக்குடி 1,053 எல்லாம் ஒன்பதின் மடங்கில்தான் வரும்.

இரைச்சலைத் துரத்துவது

புதியவர்கள் பாதிப் பேர் இந்தக் கட்டத்தில்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஆசையாக வாங்கிய ரேடியோவை வீட்டுக்குள் வைத்துப் போட்டால் "கொர்ர்ர்" என்ற சத்தத்தைத் தவிர வேறொன்றும் வராது. ரேடியோ பழுது என்று திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். ரேடியோ பழுதில்லை, வீடு நிறைய மின்னணுச் சாதனங்கள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

இதைச் செய்து பாருங்கள். ரேடியோவை பேட்டரியில் ஓடவிடுங்கள். 31 மீட்டர் பகுதியில் (9,400 முதல் 9,900 கிலோஹெர்ட்ஸ் வரை), நிலையம் இல்லாத இடத்தில் வைத்து இரைச்சலைக் கேளுங்கள். பிறகு வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கி இன்னும் மோசமான சத்தத்தைக் கொடுக்கும். இரைச்சல் சட்டென்று விழுந்தால் எதிரி வீட்டுக்குள்தான். இப்போது ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். எல்.இ.டி. பல்பு, கைப்பேசி சார்ஜர், செட்டாப் பாக்ஸ், மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், இணைய மோடத்தின் அடாப்டர் என்று ஏதாவது ஒன்றில் சத்தம் திரும்பி வரும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்கும் ஒரு மணி நேரம் அதை மட்டும் அணைத்து வைத்தால் போதும்.

மெயினை அணைத்த பிறகும் சத்தம் அப்படியே இருந்தால் அது வெளியில் இருந்து வருகிறது. மொட்டை மாடிக்குப் போங்கள். தரைத்தளத்துக்கும் மொட்டை மாடிக்கும் உள்ள வித்தியாசம் நம்ப முடியாத அளவுக்கு இருக்கும். இருந்த ரேடியோவை எடுத்துக்கொண்டு படியேறிப் போன அன்றைக்குத்தான் நான் முதன்முதலில் துருக்கி வானொலியைத் தெளிவாகக் கேட்டேன். ஊரில் மின்தடை வந்தால் முணுமுணுக்காதீர்கள், ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தெரு முழுவதும் மின்சாரம் இல்லாத அந்த அரை மணி நேரம் சிற்றலைக்குப் பொற்காலம். எங்கள் குழுவில் "கரண்ட் போச்சு" என்று யாராவது எழுதினால் அடுத்து என்ன கேட்டது என்ற பட்டியல் கட்டாயம் வரும்.

கம்பி

ஏரியலுக்குப் பெரிய செலவு எதுவும் வேண்டாம். வயரிங் கடையில் கிடைக்கும் மெல்லிய இன்சுலேஷன் ஒயர் எட்டு அல்லது பத்து மீட்டர் வாங்கி, மாடியில் துணிக்கொடி போலக் கட்டி, ஒரு முனையை முதலைக் கிளிப்பால் ரேடியோவின் இழுவை ஏரியலில் கவ்வ விடுங்கள். சின்ன ரேடியோவுக்கு இதற்கு மேல் நீளமாகப் போட்டால் பலமான நிலையங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். மத்திய அலைக்கு இந்தக் கம்பி வேண்டியதில்லை. அதற்கு ரேடியோவுக்குள்ளேயே ஃபெரைட் தண்டு இருக்கிறது, ரேடியோவையே மெதுவாகத் திருப்பித் திசை பாருங்கள்.

மின்கம்பிகளுக்குப் பக்கத்திலோ மேலேயோ கீழேயோ எந்தக் காரணத்துக்காகவும் கம்பி கட்டாதீர்கள். கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகை இடிமழையிலும் மேகம் கறுத்தவுடன் கம்பியைக் கழற்றிவிடுங்கள். மழை வந்த பிறகு கழற்றலாம் என்று காத்திருக்காதீர்கள்.

நேரமும் மீட்டரும்

உலகம் முழுதும் சிற்றலைக்காரர்கள் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில்தான் பேசுவார்கள். இந்திய நேரத்திலிருந்தும் இலங்கை நேரத்திலிருந்தும் ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் அது கிடைக்கும். இரவு 8 மணி என்றால் 14:30. கழிப்பது எளிது, தேதியில்தான் எல்லோரும் வழுக்குவோம். 15ஆம் தேதி அதிகாலை 2 மணிக்குக் கேட்டது யு.டி.சி.யில் 14ஆம் தேதி 20:30. கேட்டதை எழுதி நிலையத்துக்கு அனுப்பும் அறிக்கையில் தேதி தப்பாக இருந்தால் நிலையம் ஏற்காது. அதனால் ஒரு பழைய கைக்கடிகாரத்தை யு.டி.சி.க்கு மாற்றி ரேடியோ பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

மீட்டர் கணக்கு: 3,00,000ஐ கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் அலை நீளம் மீட்டரில் வரும். 9,700 என்றால் கிட்டத்தட்ட 31 மீட்டர். ஒலிபரப்பு நிலையங்கள் சில பகுதிகளில் கூட்டமாக இருக்கும்:

49 மீட்டர்: 5,900 முதல் 6,200 வரை
41 மீட்டர்: 7,200 முதல் 7,450 வரை
31 மீட்டர்: 9,400 முதல் 9,900 வரை
25 மீட்டர்: 11,600 முதல் 12,100 வரை
19 மீட்டர்: 15,100 முதல் 15,830 வரை
16 மீட்டர்: 17,480 முதல் 17,900 வரை

பகலில் வெயில் ஏற ஏற அயனி மண்டலத்தின் கீழடுக்கு தாழ்ந்த அலைவரிசைகளை விழுங்கிவிடும். அதனால் பகலில் 19, 16 மீட்டரும், இருட்டிய பிறகு 49, 41 மீட்டரும் நல்லவை. 31, 25 இரண்டும் நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் உதவும். புதியவருக்கு நான் சொல்வது, மாலை ஆறரைக்கு 31 மீட்டரில் தொடங்குங்கள். பொழுது சாய்ந்து இருட்டும் அந்த ஒரு மணி நேரத்தில் நிலையங்கள் ஒவ்வொன்றாக மேலே வருவதைக் கேட்பது போல ஆனந்தம் வேறில்லை.

இதற்கு மேல் சூரியப் புள்ளிகளின் 11 ஆண்டுச் சுழற்சி என்று ஒன்று உண்டு. முதல் மூன்று மாதத்துக்கு அது தேவையில்லை.

முதல் இரவில் எதைத் தேடுவது

10,000 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். டிக் டிக் என்று நொடிக்கு ஒரு சத்தம் வந்தால் அது பெரும்பாலும் சீனாவின் பி.பி.எம். என்ற நேர நிலையம். ஒவ்வொரு மணியிலும் 29ஆவது, 59ஆவது நிமிடங்களில் தன் பெயரை மோர்ஸ் ஒலியிலும் பிறகு ஒரு பெண் குரலிலும் சொல்லும். 5,000த்திலும் 15,000த்திலும் இதைத் தேடலாம். நாள் முழுவதும் இருக்கும் ஒலிபரப்பு என்பதால் ரேடியோ, கம்பி, வானம் மூன்றும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. தினமும் உட்கார்ந்தவுடன் முதலில் இதைத்தான் கேட்பேன்.

அப்புறம் 31 மீட்டரைக் கீழிருந்து மேலாக, 5 கிலோஹெர்ட்ஸ் விட்டு 5 கிலோஹெர்ட்ஸாக நகர்த்துங்கள். ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் நில்லுங்கள். மொழி புரியாவிட்டாலும் பாதகமில்லை. மணி முடியும் தறுவாயில் காத்திருங்கள். அப்போதுதான் நிலையங்கள் பெயரையும் அடையாள இசையையும் ஒலிபரப்பும். நேயர்கள் சேர்ந்து தொகுத்து இலவசமாக வெளியிடும் அலைவரிசைப் பட்டியல்கள் ஒவ்வொரு பருவத்துக்கும் இணையத்தில் கிடைக்கும். அதைப் பார்த்து இது யாராக இருக்கலாம் என்று ஊகிக்கலாம். ஆனால் பட்டியலில் இருப்பதாலேயே கேட்டது அதுதான் என்று எழுதிவிடாதீர்கள்.

சில சத்தங்கள் உங்களைப் பயமுறுத்தும். பேச்சின் மேல் இன்னொரு சீனப் பேச்சு ஏறி உட்கார்ந்திருக்கும். சீனாவை நோக்கி மாண்டரின் மொழியில் வரும் வெளிநாட்டு நிகழ்ச்சிகளின் அலைவரிசையிலேயே, சீனா தன் உள்நாட்டு வானொலியை ஏற்றி மறைப்பது வழக்கம். இன்னொன்று, பேண்டின் ஒரு பகுதியையே மூடிக்கொண்டு வரும் தடதட சத்தம். அது தொடுவானத்துக்கு அப்பால் பார்க்கும் ராடார்களின் வேலை. 1976இல் சோவியத் நாட்டில் இருந்து நொடிக்குப் பத்து தட்டு வீதம் வரத் தொடங்கிய ஒரு சத்தத்துக்கு அன்றைய நேயர்கள் மரங்கொத்தி என்று பெயர் வைத்தார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று பல நாட்டு அமெச்சூர்கள் திசை பார்த்து, சேர்ந்துதான் கண்டுபிடித்தார்கள்.

கேள்வியை எப்படிக் கேட்பது

குழுவின் பயன் முழுவதும் இதில்தான் இருக்கிறது. "எனக்கு எதுவும் எடுக்க மாட்டேங்குது, உதவி செய்யுங்கள்" என்று எழுதினால் யாராலும் உதவ முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"நேற்று, 12ஆம் தேதி, யு.டி.சி. 14:50 முதல் 15:05 வரை. 9,635 கிலோஹெர்ட்ஸ். ஆண் குரல், அரபி போலத் தெரிந்தது. 15:00க்கு ஆறு பிப் சத்தம், அதன்பின் செய்தி மாதிரி. மிதமான பலம், அலை அலையாக ஏறி இறங்கியது. டெக்சன் ரேடியோ, மாடியில் 8 மீட்டர் கம்பி. இடம் தஞ்சாவூர். ஒரு நிமிடப் பதிவு இணைத்திருக்கிறேன். 9,635க்கு மேலும் கீழும் 910 தள்ளிப் பார்த்தேன், இல்லை."

இந்தக் கேள்விக்குக் கால் மணி நேரத்தில் பதில் வரும். அரபி தெரிந்தவர் ஒருவர் குழுவில் இருப்பார், அந்த ஆறு பிப்பை வேறெங்கோ கேட்டவர் ஒருவர் இருப்பார். துபாயில் இருப்பவர் உடனே தன் ரேடியோவைப் போட்டுப் பார்த்துவிட்டு "இங்கே காதைக் கிழிக்கிறது" என்பார். அந்த ஒரு வாக்கியத்திலேயே ஒலிபரப்பு எந்தத் திசைக்கானது என்ற பாதி விடை வந்துவிடுகிறது. கைப்பேசியை ரேடியோ ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து எடுத்த பதிவு போதும், தரம் முக்கியமில்லை.

பதில் வந்த பிறகு அன்றிரவோ மறுநாளோ சரிபார்த்து, "ஆமாம், அதுதான்" அல்லது "இல்லை, இது வேறு" என்று திரும்பி வந்து எழுதுங்கள். இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வேன். பதிலை வாங்கிக்கொண்டு மௌனமாகிவிட்டால், உங்களுக்குப் பின்னால் அதே சந்தேகத்தோடு தேடி வருபவருக்கு அந்த உரையாடல் பாதியில் நிற்கும். எனக்கு 910 கணக்கைச் சொன்ன பெரியவர் அதற்கு அடுத்த வாரம், "வேற ரேடியோவிலயும் பாத்தீங்களோ?" என்று தானே கேட்டு வந்தார். பார்த்துச் சொன்னேன். அந்த உரையாடலை இன்றும் புதியவர்கள் எடுத்துப் படிக்கிறார்கள்.

தப்பான பதிலும் வரும். மூத்தவர் சொன்னாலும் சந்தேகம் இருந்தால் மரியாதையாகக் கேளுங்கள்: "ஐயா, அந்த நிலையம் 14:00க்கே முடிந்துவிடுவதாகப் பட்டியலில் இருக்கிறதே?" நல்ல குழுவில் இதற்குக் கோபப்பட மாட்டார்கள். கோபப்படும் குழுவாக இருந்தால் வேறு குழுவுக்குப் போய்விடுங்கள், அங்கே கற்க ஒன்றும் இல்லை.

அறிக்கையும் வண்ண அட்டையும்

ஒரு நிலையத்தை நன்றாகக் கேட்டபின் அதற்கு ரிசப்ஷன் ரிப்போர்ட் அனுப்பலாம். நீங்கள் எழுதியது சரி என்றால் அதை உறுதிசெய்து நிலையம் கியூ.எஸ்.எல். என்ற வண்ண அட்டை அனுப்பும். சில நிலையங்கள் இன்னும் தபாலில் அனுப்புகின்றன, பல மின்னஞ்சலில் படமாக அனுப்புகின்றன.

அறிக்கையில் இருக்க வேண்டியவை: யு.டி.சி. தேதியும் நேரமும், அலைவரிசை, மொழி, உங்கள் ஊர், ரேடியோ, கம்பி, பிறகு குறைந்தது இருபது நிமிட நிகழ்ச்சியில் என்ன கேட்டீர்கள் என்ற விவரம். "செய்தி வந்தது, பாட்டு வந்தது" என்றால் போதாது. எந்த நிமிடத்தில் என்ன செய்தி, பாடியது ஆணா பெண்ணா என்று எழுதுங்கள். கூடவே சின்போ எண். எஸ் என்றால் பலம், ஐ என்றால் மற்ற நிலையங்களின் குறுக்கீடு, என் என்றால் இரைச்சல், பி என்றால் அலையின் ஏற்ற இறக்கம், ஓ என்றால் மொத்தத்தில் எப்படி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. 5 என்றால் மிக நன்று. 45333 என்று எழுதினால் பலம் நன்று, குறுக்கீடு இல்லை, இரைச்சலும் ஏற்ற இறக்கமும் நடுத்தரம், மொத்தத்தில் நடுத்தரம் என்று பொருள். புதியவர்கள் நிலையத்தைச் சந்தோஷப்படுத்த 55555 போடுகிறார்கள். அந்தப் பக்கம் இருக்கும் பொறியாளருக்கு அது ஒன்றுக்கும் உதவாது. 23222 என்று உண்மையை எழுதுங்கள், அதற்காக அட்டை வராமல் போகாது.

முதல் அறிக்கையை அனுப்புவதற்கு முன் குழுவில் ஒருவரிடம் காட்டுங்கள். என் முதல் அறிக்கையில் தேதி ஒரு நாள் பிசகியிருந்தது. ஒருவர் பார்த்துச் சொன்னதால் திருத்தினேன்.

இணையத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட தொலைதூர ரேடியோக்கள் உண்டு. நெதர்லாந்தில் ட்வெண்டே பல்கலைக்கழகம் 2008 முதல் நடத்துவது அதில் பெயர்பெற்றது. அதில் கேட்டுப் பழகலாம், அங்கே எப்படிக் கேட்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் அதில் கேட்டதை உங்கள் வீட்டில் கேட்டதாக எழுதாதீர்கள். தொலைதூர ரேடியோவில் கேட்டது என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். குழுவில் ஒருவர் இதை மறைத்து எழுதியது தெரியவந்தால், அதன் பிறகு அவர் எழுதும் எதையும் மற்றவர்களால் நம்பி எடுத்துக்கொள்ள முடியாமல் போய்விடும்.

உரிமம் பற்றி

ஒரு காலத்தில் இந்தியாவில் வீட்டில் ரேடியோ வைத்திருக்கவே தபால் நிலையத்தில் பணம் கட்டி உரிமம் எடுக்க வேண்டும். இன்று வானொலி நிகழ்ச்சிகளைக் கேட்க எந்த உரிமமும் வேண்டாம். பதில் பேச ஆசை வந்தால் அது அமெச்சூர் வானொலி. அதற்குத் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும், 12 வயது நிறைந்தவர் எழுதலாம். இந்திய அழைப்புக் குறிகளில் பெரும்பாலானவை வி.யு. என்று தொடங்கும், இலங்கையில் 4எஸ். 2004 டிசம்பர் சுனாமியின்போது அந்தமானில் தற்செயலாக ஒரு அமெச்சூர் வானொலிக் குழு முகாமிட்டிருந்தது. தொலைபேசிகள் செத்துப்போன நிலையில் அவர்கள் வழியாகத்தான் பல குடும்பங்களுக்குத் தங்கள் உறவினர் உயிரோடு இருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கம் போக விரும்பினால் உங்கள் நேயர் குழுவிலேயே வழிகாட்ட உரிமம் பெற்ற ஒருவராவது இருப்பார்.

மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறு

உலகின் சிற்றலை அட்டவணை ஆண்டுக்கு இரண்டு முறை மாறும்: மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். கோடைப் பருவத்துக்கு ஏ, குளிர்ப் பருவத்துக்கு பி என்று பெயர். அந்த ஞாயிறு வந்தால் பழைய பட்டியல் பெரும்பாலும் செல்லாது. புதிய பட்டியல் உடனே முழுமையாக வெளிவராது, வந்ததிலும் பிழைகள் இருக்கும். பத்து நாளைக்கு எல்லோரும் கேட்டுக் கேட்டு எழுதித்தான் அது சரியாகும்.

நீங்கள் சேர்ந்த பிறகு வரும் அப்படிப்பட்ட முதல் ஞாயிற்றுக்கிழமையை விடாதீர்கள். முதல் நாளே குழுவில் சொல்லி ஒரு மீட்டரைப் பங்கு கேட்டு வாங்குங்கள். "நான் 41ஐப் பார்க்கிறேன்" என்றால் போதும். மாலை ஏழு முதல் ஒன்பது வரை உட்கார்ந்து 7,200இல் இருந்து 7,450 வரை ஐந்து ஐந்தாக நகர்ந்து, எங்கே என்ன கேட்கிறது, எங்கே ஒன்றும் இல்லை என்று இரண்டையும் எழுதுங்கள். ஒன்றும் இல்லாத இடமும் முக்கியம், போன வாரம் வரை அங்கே இருந்த நிலையத்தை நாங்கள் வேறு எங்கோ தேட வேண்டியிருக்கும். ஒன்பது மணிக்கு அந்தப் பட்டியலை அப்படியே குழுவில் போடுங்கள். மொழி தெரியாத இடத்தில் "மொழி தெரியவில்லை" என்றே எழுதுங்கள், தெரிந்தவர் நிரப்புவார்.